கல்யாண வீட்டு மேக்கப்பும் கிணற்றுத் தண்ணீரும்: எதைக் கொண்டு கலைப்பது?

யாழ்ப்பாணத்தில் மேக்கப் போட்டுவிட ஆளுக்குக் குறைவில்லை. முகூர்த்த நாள் என்றால் தலைக்கு ஒருத்தர், முகத்துக்கு ஒருத்தர், சேலை கட்ட இன்னொருத்தர் என்று விடியமுன்னமே பொம்பிளை வீட்டுக்கு வந்துவிடுவார்கள். போட்டதைக் கலைக்கிற நேரத்தில்தான் பக்கத்தில் ஒருவரும் இருப்பதில்லை. சடங்கெல்லாம் முடிந்து, களைத்து விழுந்து வந்த பிள்ளை இரவில் கிணற்றடியில் நின்று சவர்க்காரம் போட்டு முகத்தை உரஞ்சுகிறாள். அடுத்த நாள் கன்னம் இழுக்கிறது, மூக்கோரம் உரிகிறது, கண்ணைச் சுற்றி மை இன்னும் கறுப்பாகவே நிற்கிறது. பழி முழுக்க மேக்கப்பின் தலையில் விழுகிறது.

கலைப்பதற்கென்று இன்று கடையில் கிடைப்பவை பல. மைசலர் தண்ணீர், கிளென்சிங் எண்ணெய், கிளென்சிங் பாம், கோல்ட் கிறீம், துடைக்கிற ஈரத்தாள், கண்ணுக்கென்று தனியாக ஒரு திரவம். வீட்டுக்குள்ளே தேடினால் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், பால், பயத்தம்மா. இதில் எது தோலுக்கு நல்லது என்று யூரியூப்பில் கேட்டால் ஒரு பதில் வரும். அதைச் சொல்கிறவர்கள் மென்மையான குழாய்த் தண்ணீரில் முகம் கழுவுகிறவர்கள். நமக்கு அந்தப் பதில் கொஞ்சம் மாறும்.

தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போத்தலைப் பாருங்கள்

குடாநாட்டின் கீழே கிடப்பது சுண்ணாம்புக்கல். ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் எங்களிடம் இல்லை. வழுக்கை ஆறும் மாரிக்குத்தான் ஆறு. பெய்கிற மழை கல்லுக்குள் இறங்கி, போகிற வழியில் கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் புத்தகத்தில் வன்னீர் என்று படித்தோமே, அதுதான் இது. லீற்றருக்குக் கல்சியம் காபனேற்றுக் கணக்கில் 180 மில்லிகிராமைத் தாண்டினால் மிக வன்மையான நீர் என்று வகைப்படுத்துவார்கள். உங்கள் கிணறு எப்படி என்று தெரிந்துகொள்ள ஆய்வுகூடம் தேடிப் போக வேண்டியதில்லை. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா, சவர்க்காரம் நுரைக்க அடம் பிடிக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். கரையோரத்திலும் தீவுப் பகுதியிலும் இதோடு உவரும் சேர்ந்துகொள்ளும். 2024இல் தாளையடியில் திறந்த, கடல்நீரை நன்னீராக்கும் நிலையத்திலிருந்து குழாய்த் தண்ணீர் வருகிற வீடுகளுக்கு இந்தத் தொல்லை குறையலாம், மற்றவர்களுக்குக் கிணறுதான்.

இந்தத் தண்ணீரில் சவர்க்காரம் கரையும்போது கல்சியம் அதோடு சேர்ந்து கரையாத ஒரு படிவாக மாறுகிறது. குளிக்கிற வாளியின் விளிம்பில் ஒட்டியிருக்கும் அந்தச் சாம்பல் வெள்ளைக் கறை அதுதான். வாளியில் ஒட்டுவது முகத்திலும் ஒட்டும். இது தவிர, தோலின் மேற்பரப்பு இயல்பாகவே கொஞ்சம் அமிலத்தன்மையானது, பி.எச். அளவில் 5ஐ ஒட்டி நிற்கும். கட்டிச் சவர்க்காரமோ 9, 10 என்று காரப் பக்கத்தில் இருக்கும். ஒவ்வொரு முறை உரஞ்சும்போதும் தோல் தனக்காகச் சுரந்து வைத்திருக்கிற கொழுப்பையும் சேர்த்து உருவிக்கொண்டு போகிறது. ஷெஃபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வன்னீரில் கழுவிய தோலில் சோடியம் லோரில் சல்பேற்று என்ற நுரைப்பொருள் கூடுதலாகத் தங்கி நின்று எரிச்சலைக் கூட்டுவதைக் காட்டினார்கள். எக்ஸிமா என்ற தோல் அழற்சி உள்ளவர்களுக்கு அது இன்னும் மோசம். ஆக, சவர்க்காரத்தை விட்டுவிட்டு நுரைக்கிற ஃபேஸ் வோஷ் வாங்கிவிட்டால் மட்டும் தப்பிவிட முடியாது.

அதனால் எந்தப் பொருளை எடுத்தாலும் நான் இரண்டு விஷயத்தைத்தான் பார்ப்பேன். இதைப் போட்டால் முகத்தை எவ்வளவு தேய்க்க வேண்டிவரும்? எங்கள் தண்ணீரில் கழுவிய பிறகு முகத்தில் என்ன மிஞ்சும்? வாசனை, போத்தலின் அழகு, விளம்பரத்தில் வருகிற நடிகை எல்லாம் அதற்குப் பிறகு.

எண்ணெய்கள்

இப்போதைய கல்யாண மேக்கப்பில் இருப்பது பெரும்பாலும் மெழுகு, எண்ணெய், சிலிக்கோன், அவற்றுக்குள் பிடித்துவைத்த நிறப்பொடி. வியர்வைக்கும் அசையாமல் நிற்பதற்காகவே செய்யப்பட்டவை, அதனால் தண்ணீருக்கும் அசையாது. பலாப்பழம் வெட்டின கையைத் தண்ணீரில் எவ்வளவு கழுவினாலும் பால் போகாது. தேங்காய் எண்ணெய் பூசினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மேக்கப்பிலும் நடப்பது அதேதான். எண்ணெய்யில் கரைவதை எண்ணெய்யால் எடுத்தால் தேய்க்கிற வேலையே இல்லை. கூத்துக்காரர்கள் அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் பூசித் துடைத்தெடுத்தது இதனால்தான்.

அப்படியென்றால் தேங்காய் எண்ணெய்யே போதுமே என்று அம்மம்மா கேட்பா. கேள்வி நியாயமானது. மலிவு, எந்த வீட்டிலும் இருக்கும், நீர்புகாத மஸ்காராவைக்கூடக் கரைக்கும். பிரச்சினை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அது தண்ணீரோடு சேராது. முகமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்காக நிற்கும்போது கை தன்னாலே சவர்க்காரத்தைத் தேடும். அத்தோடு தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டோம். கழுவாமல் அப்படியே விட்டால், பரு வருகிற முகத்தில் துவாரங்களை அடைக்கிற எண்ணெய்களில் இதுவும் ஒன்று. தேமலுக்கும் தலைப்பொடுகுக்கும் பின்னால் இருக்கிற மலசீசியா என்ற பூஞ்சைக்கு எண்ணெய்யிலுள்ள கொழுப்பமிலங்கள் தீனி. தேங்காய் எண்ணெய்யில் ஏறத்தாழப் பாதியாக இருக்கிற லோரிக் அமிலமும் அதில் அடக்கம். சித்திரை வெக்கையில் நெற்றி முழுக்கக் குருணைக் குருணையாக வருகிற ஆட்கள் தேங்காய் எண்ணெய்யை முகத்துக்கு எடுக்காமல் இருப்பதே நல்லது. வறண்ட தோலும், பருவே வராத ராசியும் உள்ளவர்களுக்கு எப்போதாவது ஒருநாள் தாராளமாகப் பாவிக்கலாம்.

நல்லெண்ணெய்யும் இதே கதைதான், கூடவே வாசனையும் கண்ணெரிவும். எண்ணெய் முழுக்கன்று கண்ணுக்குள் போனால் என்ன பாடு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த இடத்தில் பழைய ஆட்களின் புத்தியை மெச்சாமல் இருக்க முடியாது. எண்ணெய் முழுக்குக்கு அவர்கள் சீயாக்காயைத்தான் எடுத்தார்கள். சீயாக்காயில் நுரை தருவது சப்போனின் என்ற பொருள். அது சவர்க்காரம் இல்லை, அதனால் கல்சியத்தோடு சேர்ந்து படிவாகாது. எங்கள் கிணற்றுத் தண்ணீரிலும் தன் வேலையைச் செய்யும். தலைக்கு அது அருமையான ஏற்பாடு. முகத்துக்கு என்று வரும்போது, அந்தத் தூளைக் கண்ணருகில் கொண்டுபோக யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கடையில் கிளென்சிங் எண்ணெய் என்று விற்பதில் எண்ணெய்யோடு, அதைத் தண்ணீரில் கலக்கவைக்கிற ஒரு பால்மமாக்கியும் இருக்கிறது. ஜப்பானில் ஷு உவேமுரா என்ற ஒப்பனைக் கலைஞர் 1967இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். உலர்ந்த முகத்தில், உலர்ந்த கையால் பூசி, ஒரு நிமிடம் விரல் நுனியால் மெல்ல உலவவிட வேண்டும். பவுண்டேஷன், கண்மை எல்லாம் சேர்ந்து கலங்கி வரும். கண்ணாடியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிறகு கையை நனைத்துக்கொண்டு மறுபடி உலவவிட்டால் எண்ணெய் பாலாக மாறும். அப்புறம் கழுவினால் கூடவே போய்விடும். இதில் போடுகிற பால்மமாக்கிகள் பெரும்பாலும் மின்னேற்றம் இல்லாத வகை, ஆகவே கல்சியம் அவற்றைக் குழப்புவதில்லை. வன்னீர் ஊருக்கு இது பெரிய அனுகூலம், ஆனால் போத்தலில் யாரும் அதை விளம்பரப்படுத்துவதில்லை. எல்லோரும் விடுகிற பிழை ஒன்றுதான்: முகத்தை நனைத்துவிட்டு எண்ணெய் பூசுவது. மேக்கப்பைத் தொடமுன்னமே எண்ணெய் பாலாகிவிடும், பிறகு போத்தலைக் குறை சொல்வார்கள்.

பாம் என்பதும் அதேதான், கட்டியாக இருக்கும். எங்கள் பங்குனி, சித்திரை வெயிலில் அது டப்பாவுக்குள்ளேயே உருகி எண்ணெய்யாகிவிடும் என்பதால் கூடுதல் காசு கொடுத்து அதை வாங்க எனக்கு மனம் வருவதில்லை.

பேபி ஒயிலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எந்தப் பாமசியிலும் கிடைக்கும், பெரும்பாலும் மினரல் எண்ணெய்தான். பெற்றோலிலிருந்து வருவது என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். மருந்துத் தரத்துக்குச் சுத்திகரித்த மினரல் எண்ணெய் தோலில் எதோடும் வினைபுரியாது, சாதாரணமாக ஒவ்வாமை தராது, அதில் கொழுப்பமிலம் இல்லாததால் அந்தப் பூஞ்சைக்குத் தீனியும் ஆகாது. மேக்கப் கரைப்பதில் கிளென்சிங் எண்ணெய்க்குக் கிட்ட வரும். குறை, பால்மமாக்கி இல்லை. ஆகவே ஒரு மென்மையான துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, சவர்க்காரம் இல்லாத ஃபேஸ் வோஷால் கழுவியே ஆக வேண்டும். வாசனை குறைந்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

மைசலர் தண்ணீர்

பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். உள்ளே மிக மென்மையான நுரைப்பொருள் மூலக்கூறுகள் சின்னச் சின்ன உருண்டைகளாகச் சேர்ந்து மிதக்கின்றன. பஞ்சில் நனைத்து ஒற்றும்போது அந்த உருண்டைகள் எண்ணெய்யையும் அழுக்கையும் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. 1990களில் பிரான்ஸில் பிரபலமானது. பாரிஸ் தண்ணீரும் சுண்ணாம்புத் தண்ணீர்தான். அங்கே லாசப்பலில் இருக்கிற சொந்தக்காரரிடம் கேத்தலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், யாழ்ப்பாணத்துக் கதையையே சொல்வார்கள். அப்படியான ஊரில் கழுவத் தேவையில்லாத ஒரு திரவத்துக்கு வரவேற்பு இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

நல்லது என்ன? தண்ணீர் வசதி இல்லாத இடத்திலும் வேலை ஆகும். இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறவர்களுக்கு, மண்டபத்து வோஷ்ரூமில் நின்று கலைக்கிறவர்களுக்கு, கிணற்றடிக்குப் போகவே சோம்பலாக இருக்கிற இரவுக்கு இதைவிட வசதியானது இல்லை. அலுவலகத்துக்குப் போடுகிற பவுடர், சன்ஸ்கிறீம், லேசான லிப்ஸ்டிக் எல்லாவற்றுக்கும் தாராளம்.

கனமான மேக்கப் என்றால் இது சிக்கனமும் இல்லை, மென்மையும் இல்லை. 400 மில்லி லீற்றர் போத்தலில் 200 தடவை என்கிற மாதிரிக் கணக்கைச் சில கம்பனிகள் போடும். அதாவது ஒரு தடவைக்கு 2 மில்லி லீற்றர். கல்யாணப் பொம்பிளையின் முகத்தில் 2 மில்லி லீற்றர் நெற்றிக்கே போதாது. பஞ்சுக்கு மேல் பஞ்சாக எடுத்து, ஒவ்வொரு பஞ்சாலும் தேய்த்து, கடைசியில் முகம் சிவந்து நிற்கும். இரசாயனம் மென்மையாக இருந்து என்ன, கை மென்மையாக இல்லாவிட்டால்? பஞ்சை வைத்து அழுத்திப் பதினைந்து விநாடி பொறுத்திருந்து பிறகு இழுங்கள். கண்ணிமைத் தோல் உடம்பிலேயே மிக மெல்லியது, அரை மில்லி மீற்றர் அளவுதான். அங்கே முன்னும் பின்னும் தேய்க்கவே கூடாது.

கழுவத் தேவையில்லை என்ற வாசகத்தையும் முழுதாக நம்ப வேண்டாம். எவ்வளவு மென்மையானாலும் அது நுரைப்பொருள்தான். தோல் கெட்டியாக இருக்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது. சட்டென்று சிவக்கிற, காய்கிற தோல் என்றால் கடைசியில் ஒரு தரம் கழுவிவிடுங்கள். அதற்கு ஒரு கோப்பை குடிக்கிற ஃபில்டர் தண்ணீர் போதும். மாரி காலத்தில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர் இருந்தால் அதைவிட மென்மையான தண்ணீர் இந்த ஊரில் கிடையாது.

பஞ்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாமசியில் விற்கிற சுருள் பஞ்சின் நார் கண்ணிமையில் ஒட்டும். வட்டப் பஞ்சு விலை. நன்றாகத் துவைத்துத் துவைத்து நைந்துபோன பழைய வேட்டித் துண்டு இரண்டையும் வெல்லும். கொதிநீரில் போட்டெடுத்து வெயிலில் காயவைத்தால் போதும்.

கோல்ட் கிறீம், ஈரத்தாள், அடுப்படிச் சாமான்

கோல்ட் கிறீம் மிகப் பழையது. தேன்மெழுகு, ஒலிவ் எண்ணெய், பன்னீர் மூன்றையும் சேர்த்துச் செய்கிற அந்த முறையை இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்க வைத்தியர் கலேனின் பெயரில்தான் இன்றும் சொல்கிறார்கள். தடிப்பாகப் பூசி, கரையவிட்டு, துணியால் துடைத்தெடுப்பது வழக்கம் என்பதால் தண்ணீர் அதிகம் கேட்காது; உவர்த் தண்ணீர் உள்ள ஊர்களுக்கு நல்ல பொருத்தம். வறண்ட தோலுக்கும் வயது போன தோலுக்கும் இதை நான் கிளென்சிங் எண்ணெய்க்குச் சமமாக வைப்பேன். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இதே பெயரில் பனிக்காலத்துக்குப் பூசுகிற கிறீம்களும் இருக்கின்றன. அவை பூசிவிட்டு விடுவதற்கு, கலைப்பதற்கு அல்ல. டப்பாவில் கிளென்சர் என்று எழுதியிருக்க வேண்டும்.

ஈரத்தாளுக்கு நான் நல்ல வார்த்தை சொல்லப்போவதில்லை. மேக்கப்பைக் கரைப்பதைவிட முகமெங்கும் பரப்புகிறது, தேய்ப்பதைத் தவிர அதற்கு வேறு வழி தெரியாது, நுரைப்பொருளும் கெடாமல் காக்கும் மருந்தும் முகத்திலேயே தங்கிவிடும். அப்படியான காப்புப் பொருட்களில் ஒன்றான மெதைல்ஐசோதையசோலினோனை அமெரிக்கத் தொடுகை ஒவ்வாமைச் சங்கம் 2013ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. கழுவாமல் விடுகிற அழகுப் பொருட்களில் அதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடைபோட்டது. நமது கடைகளுக்கு எங்கெங்கிருந்தோ வருகிற பொதிகளில் என்ன இருக்கிறது என்பதைப் பின்பக்கத்துச் சிற்றெழுத்தில் தேடிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பலவற்றில் பிளாஸ்டிக் நார் வேறு. கழிவறைக்குள் போட்டால் குழாய் அடைக்கும்.

பாலில் கொழுப்பு நூற்றுக்கு மூன்று, நான்குதான். மஸ்காராவைக் கரைக்க அது எங்கே போதும்? பயத்தம்மா எண்ணெய்ப் பிசுக்கை உறிஞ்சும், உண்மை. ஆனால் அரைத்த பருப்பின் துணிக்கையை மேக்கப்போடு சேர்த்து முகத்தில் உரஞ்சுவது தோலுக்குத் தேவையில்லாத வேலை. தேசிக்காய்ப் புளி மட்டும் வேண்டவே வேண்டாம். பி.எச். 2 அளவான அமிலம் ஒரு பக்கம். அதில் இருக்கிற ஒரு பொருள் வெயில் பட்டால் தோலைச் சுட்டதுபோல் கொப்பளிக்கவும் கறுக்கவும் வைக்கும் என்பது மறுபக்கம். அந்தக் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும்.

கண், உதடு, பொட்டு

நீர்புகாத மஸ்காராவுக்கும் ஐலைனருக்கும் இரண்டு அடுக்காக நிற்கிற கண் திரவம் வசதி. நன்றாகக் குலுக்கிவிட்டு, பஞ்சில் நனைத்து, மூடிய கண்ணில் வைத்துப் பொறுமையாக இருங்கள். அது கைக்கு எட்டாவிட்டால் கொஞ்சம் வாஸ்லின் போதும். பார்வை சிறிது நேரம் மங்கும், அவ்வளவுதான். கண்ணுக்குள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டுக் கண்ணிமை மயிரை வெறுமனே பிடித்து இழுத்தால் சொந்த மயிரும் கூட வரும். பசை இருக்கிற கோட்டில் எண்ணெய் தொட்டு இரண்டு நிமிடம் விட்டு, வெளிமுனையிலிருந்து உள்ளே மெல்ல உரியுங்கள். காய்ந்து பிடித்துக்கொள்கிற திரவ லிப்ஸ்டிக்கும் அப்படித்தான்: எண்ணெய், பொறுமை, பிறகு துணி.

ஒட்டுப்பொட்டை யாரும் மேக்கப்பாக நினைப்பதில்லை. அதன் பசையில் சேர்க்கிற ஒரு வகை ஃபீனோல் சேர்மம் சிலருக்கு அந்த இடத்துத் தோலை வெள்ளையாக்கிவிடுகிறது. தோல் வைத்தியர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் இது. பொட்டை எடுத்த பிறகு மிஞ்சிய பசையையும் எண்ணெய் தொட்டு எடுத்துவிடுங்கள். இரவில் பொட்டோடு படுக்க வேண்டாம். நெற்றி நடுவே வெளிறத் தொடங்கினால் ஒட்டுவதை உடனே நிறுத்த வேண்டும்.

கழுவுகிற பொருள்தான் காசு போட வேண்டிய இடம்

எண்ணெய்யோ கிறீமோ எதால் கலைத்தாலும் பிறகு ஒரு தரம் மென்மையாகக் கழுவுவது பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ரியூப்பில் வருகிற ஃபேஸ் வோஷ் எல்லாம் சவர்க்காரம் இல்லாதது என்று நினைக்கிறோம். பொருட்பட்டியலின் முதல் நாலைந்து பெயருக்குள் பொட்டாசியம் மிரிஸ்டேற்று, பொட்டாசியம் ஸ்ரியரேற்று, பொட்டாசியம் ஹைட்ரொக்சைட் என்று இருந்தால் அது ரியூப்புக்குள் அடைத்த சவர்க்காரம். நுரை கிறீம் மாதிரிச் செழிப்பாக வரும், கழுவியதும் தோல் கிறீச்சிடும். எங்கள் தண்ணீரில் கட்டிச் சவர்க்காரம் செய்வதையே அதுவும் செய்யும். கோகமிடோபுரோப்பைல் பீட்டேன், கோகோ குளூக்கோசைட், சோடியம் கோகோயில் ஐசெதியோனேற்று போன்ற பெயர்கள் முன்னால் இருந்தால் நல்லது. அவை குறைவாக நுரைக்கும். நுரை இல்லாவிட்டால் அழுக்குப் போகவில்லை என்கிற எண்ணத்தை நாம்தான் விட வேண்டும். குழந்தைகளுக்கான சவர்க்காரம் என்று நம்பி வாங்குவதும் உதவாது. கட்டியாகச் செய்த சாதாரணச் சவர்க்காரம் யாருக்காகச் செய்தாலும் சவர்க்காரம்தான்.

கழுவியதும் துவாயால் ஒற்றி, ஈரம் காயமுன்னமே கிளிசரினோ செரமைட்டோ உள்ள ஒரு சாதாரண ஈரப்பதக் கிறீம். சோளகம் வீசுகிற மாதங்களில் வெக்கையும் புழுதியும் ஒன்றாக வரும். அப்போது இதை விட்டுவிட்டால் எவ்வளவு கவனமாகக் கலைத்தும் கன்னம் இழுக்கும்.

சரி, எதை வாங்குவது?

2022இல் ரூபாய் விழுந்ததிலிருந்து இறக்குமதிப் போத்தல் ஒவ்வொன்றும் யோசித்து வாங்க வேண்டிய சாமான் ஆகிவிட்டது. ஐந்தாறு போத்தல் அடுக்கிவைக்கச் சொல்கிற ஆலோசனை நமக்கு உதவாது. விலை கூடின ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் என் தெரிவு மைசலர் தண்ணீரும் இல்லை, கிளென்சிங் எண்ணெய்யும் இல்லை. சவர்க்காரம் இல்லாத நல்ல ஃபேஸ் வோஷ் ஒன்றை வாங்குங்கள். கலைக்கிற வேலையைச் சின்னப் பேபி ஒயில் போத்தல் பார்த்துக்கொள்ளும். இன்னும் கொஞ்சம் காசு இருந்தால் பேபி ஒயிலுக்குப் பதில் கிளென்சிங் எண்ணெய். சுகம் கூடும், நேரம் மிஞ்சும்.

வங்கி, பள்ளிக்கூடம், கந்தோர் என்று போய்வருகிறவர்கள் பவுடரும் கண்மையும் மட்டும் போட்டால் இரண்டு படி தேவையே இல்லை. கண்மைக்கு ஒரு துளி எண்ணெய், முகத்துக்கு ஃபேஸ் வோஷ். தினமும் எண்ணெய்யும் நுரையும் மாறி மாறிப் போடுவது இந்தத் தண்ணீரில் நன்மையைவிடக் கெடுதியே செய்யும். பயணம் கூடியவர்கள் மைசலர் தண்ணீரை வைத்திருக்கலாம். கல்யாணப் பொம்பிளைக்கு எண்ணெய்தான், வேறு பேச்சே இல்லை. மேக்கப் போட வருகிறவரிடம் காசு பேசும்போதே எந்த வகை மஸ்காரா, எந்த வகை லிப்ஸ்டிக் என்று கேட்டு வைத்துக்கொண்டால் இரவில் குழம்ப வேண்டியதில்லை. சில மஸ்காராக்கள் வெதுவெதுப்பான தண்ணீருக்கே குழாய் குழாயாகக் கழன்று வந்துவிடும். அவற்றுக்கு எண்ணெய் வீண்.

சாமத்திய வீட்டுப் பிள்ளையைப் பற்றித்தான் எனக்குக் கவலை கூட. பதினொன்று, பன்னிரண்டு வயது. அதுவரை பவுடரைத் தவிர வேறொன்றும் காணாத முகம். அதில் பெரிய பொம்பிளைக்குப் போடுகிற அத்தனையும் போட்டு, வீடியோ எடுத்து முடிய இரவாகிவிடும். பரு வரத் தொடங்குகிற வயதும் அதுதான், ஆகவே தேங்காய் எண்ணெய் வேண்டாம். கிளென்சிங் எண்ணெய்யோ பேபி ஒயிலோ கொண்டு அம்மாவோ பெரியம்மாவோ பக்கத்திலிருந்து கலைத்துவிட வேண்டும். நித்திரை தூங்குகிற பிள்ளையின் கையில் ஈரத்தாள் பொதியைக் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது. நடன அரங்கேற்றப் பிள்ளைகளுக்கும் இதே ஒழுங்குதான்; அவர்களுக்கு மேடை மேக்கப் அடிக்கடி வருவதால் வறண்டு போகாமல் பார்ப்பது இன்னும் முக்கியம்.

கனடாவிலிருந்து மாமி கொண்டுவந்த போத்தல் இல்லாத வீடு இங்கே குறைவு. விலையுயர்ந்தது என்று அலுமாரியில் பூட்டிவைத்து, அடுத்த கல்யாணத்துக்கு எடுக்கிறோம். பின்பக்கத்தில் திறந்த டப்பாப் படமும் அதற்குள் 6, 12 என்று ஓர் எண்ணும் இருக்கும். திறந்த பிறகு அத்தனை மாதம்தான் பாவிக்கலாம். தகரக் கூரை வீட்டு வெக்கையில் அதற்கு முன்னமே பழுதாகவும் கூடும். எண்ணெய் காறல் மணம் வந்தாலும், கிறீமில் தண்ணீர் பிரிந்து நின்றாலும், யார் தந்ததாக இருந்தாலும் எறிந்துவிடுங்கள்.

புதிதாக எதை வாங்கினாலும் முழங்கை மடிப்புப் பக்கம் கொஞ்சம் பூசி இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோங்கள், முக்கியமாகக் கல்யாணத்துக்கு முதல் நாள் எதையும் புதிதாகத் தொடங்க வேண்டாம். சிவப்பும் அரிப்பும் வந்துவிட்டால் பாமசியில் தன்பாட்டில் ஸ்டீரோயிட் கிறீம் வாங்கிப் பூசுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. அது இரண்டு நாளில் அடக்கும், தொடர்ந்து பூசினால் முகத்தோலை மெலியவைத்துப் பருவையும் கொண்டுவரும். ஒரு வாரத்தில் தானாக ஆறாவிட்டால் தோல் வைத்திய நிபுணரிடம் போங்கள், யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போனாலும் சரிதான். பாவித்த போத்தல்களையும் கையோடு கொண்டுபோங்கள். பின்பக்கத்துப் பொருட்பட்டியல் வைத்தியருக்குத் தேவைப்படும்.